உதட்டைக் காட்டு

கையில் கொள்ளிச்சட்டியோடு ஸ்டெப்னி சங்கர் எங்கள் பேண்ட் வாத்தியக் குழுவை நோக்கி வந்துகொண்டிருந்தான்.

ஈஜிபுராவில் ஒரு பிற்பகல். சங்கரின் இடுப்பில் ஈர வேட்டி. மேலே சட்டை இல்லை. தோளிலிருந்து முழங்கை வரைக்கும் பழைய தையல் தழும்பு, ரயில் தண்டவாளம் மாதிரி. பின்னால் பூப்பல்லக்கில் அவனுடைய அம்மா. சாமந்தி, ஊதுவத்தி, சாராயம் மூன்றும் சேர்ந்து ஒரே வாசனையாகியிருந்தன.

ஊர்வலம் நின்றுவிட்டது. பாட்டும் நின்றுவிட்டது. சங்கர் நேராக வந்து எங்கள் கார்னெட்காரன் ஏழுமலைக்கு எதிரில் நின்றான். கார்னெட் தெரியாதவர்களுக்கு: டிரம்பெட்டின் குள்ளத் தம்பி. சங்கரின் வலது கையில் நெருப்பு இருந்ததால் இடது கையை நீட்டி, பையனின் தாடையைப் பிடித்து, முகத்தை வெயில் பக்கம் திருப்பினான். சந்தையில் தேங்காயைத் திருப்பிப் பார்ப்பது போல உதட்டைப் பார்த்தான்.

அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்று கேட்பீர்கள். பெரிய டிரம்முக்குப் பின்னால். இதைவிடப் பெரிய டிரம் யாராவது செய்கிறார்களா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பாட்டு நின்றுவிட்டது என்றேன். அது முழு உண்மையல்ல. கார்னெட் நின்றது, கிளாரினெட் நின்றது, ஜால்ரா நின்றது. டிரம் நிற்கவில்லை. பயத்தில் என் கை தானாக அடித்துக்கொண்டே இருந்தது. டம். டம். டம்.

அந்தத் தாடை எப்படி அந்தக் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று சொல்ல வேண்டுமானால் என் சமூக சேவையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போன வாரம் இந்தப் பத்தியில் மாமனாரின் முயல் பண்ணையைப் பற்றி எழுதியதால் வீட்டில் எனக்குச் சோறு வருகிறது, குழம்பு வருவதில்லை. எனவே இந்த வாரம் என் மனைவி ஸ்டெல்லாவின் பெருமையும் இடையில் வரும்.

சிமென்ட் டப்பா

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கோலார் தங்க வயலில் பிறந்த நான் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை பார்த்துக்கொண்டு ஈஜிபுராவில் குடியிருந்தேன். எங்கள் கோயில் இளைஞர் குழுவுக்கு நான்தான் செயலாளர். தேர்தல் நடந்த அன்று எனக்கு வயிற்றுப்போக்கு. வராதவன் தலையில் கட்டுவது எல்லாக் குழுவுக்கும் உள்ள வழக்கம்.

ஸ்டெப்னி சங்கர் அப்போது எங்கள் பகுதியின் பெரிய மனிதன். முன்பு டாக்ஸி ஓட்டினானாம். வீச்சரிவாளை ஸ்டெப்னி டயருக்கு அடியில் வைத்திருந்ததால் அந்தப் பெயர். அவன் யாரையும் கட்டாயப்படுத்தி ஆள் சேர்த்ததில்லை. வேலையில்லாத பையனைக் கூப்பிட்டு ஒரு பன்னும் டீயும் வாங்கிக் கொடுப்பான். பிறகு பைக்கில் பின்னால் உட்காரச் சொல்வான். பிறகு ஏதாவது தகராறில் இருக்கும் காலி மனைக்கு, பெங்களூர் பாஷையில் சொன்னால் 'சைட்'டுக்கு, கூட்டிப்போய், "சும்மா நில்லு" என்பான். சும்மா நிற்பதுதான் முதல் வேலை. அடுத்த முறை கையில் ஒரு கம்பி இருக்கும். அதற்கடுத்த முறை ஸ்டேஷனில் பெயர் இருக்கும். அதற்குப் பிறகு அந்தப் பெயருக்கு வேறு யாரும் வேலை கொடுக்க மாட்டார்கள்.

இந்தச் சங்கிலியை அறுக்க எங்கள் குழு கூடி விவாதித்தது. வடையும் சாப்பிட்டது. கடைசியில் நான் ஒரு யோசனை சொன்னேன்: ஜிம் வைப்போம். பையன்கள் சாயங்காலம் உடற்பயிற்சி செய்தால் களைத்துப்போய்த் தூங்கிவிடுவார்கள், தெருவுக்குப் போக மாட்டார்கள்.

குடைக்கம்பி மாதிரி உடம்பை வைத்துக்கொண்டு நான் ஜிம் ஆரம்பித்தேன். கோயில் பின்புறக் கொட்டகையில், காலி பெயின்ட் டப்பாக்களில் சிமென்டைக் கொட்டி நடுவில் இரும்புக் குழாயைச் செருகினால் எடைகள் தயார். பையன்கள் குவிந்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, ஒரு வருடத்தில் அவனவன் மார்பு கதவு மாதிரி ஆனது. அதில் முதலிடம் ஏழுமலைக்கு. பதினேழு வயது, நீளமான கை, கொஞ்சம் கோபம். அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து, மார்பில் தூசி அடைத்துச் செத்தவர். அம்மா சரோஜா கார்மென்ட்ஸில் காலர் தைப்பவர்.

அந்த வருட ஆயுத பூஜை அன்று ஸ்டெப்னி சங்கர் ஜிம்முக்கு வந்தான். பூசணிக்காய், பொரிக்கடலை, மாலையோடு. என் சிமென்ட் டப்பாக்களுக்கு அவனே குங்குமம் வைத்தான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு மனதாரச் சொன்னான்:

"நல்ல காரியம் பண்றீங்க அருள் சார். இத்தினி நாளா பசங்களுக்கு நான் சோறு மட்டும்தான் போட்டுட்டு இருந்தேன். ஒடம்பு போட ஆள் இல்லாம இருந்திச்சு."

ஏழுமலையின் தோளைத் தட்டி, "இவன் சூப்பர், குரு" என்றான். பெங்களூரில் எல்லோருக்கும் எல்லோரும் 'குரு'தான். கிறிஸ்துமஸ் வருவதற்குள் கதவு மார்புக்காரர்கள் பலர் சங்கரின் சைட்டுகளில் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். ஏழுமலை பைக்கின் பின் சீட்டு வரைக்கும் போயிருந்தான்.

சீட்டாட்ட மேசை

நான் வீட்டில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். ஸ்டெல்லா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஒடம்ப வளத்தா அவன் எடுத்துட்டுப் போறான். அவனுக்கு உபயோகப்படாத எதையாவது வளத்து விட்டா என்ன?"

"என்னை மாதிரியா?"

"உங்கள மாதிரி வேணாம். அப்புறம் யாருக்குமே உபயோகம் இல்லாம போயிடும்."

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டெல்லா கார்னெட் வாசிப்பாள். அவள் வளர்ந்த பெண்கள் விடுதியில் ஒரு பேண்ட் இருந்தது. கல்யாணத்துக்கு முன் என்னிடம் இதை மறைத்துவிட்டார்கள். முதல் சண்டையில் அவளுக்கு மூச்சு வாங்காமல் இருந்தபோதுதான் சந்தேகம் வந்தது.

தங்க வயலில் என் சித்தப்பா வீட்டுப் பரணில் சுரங்க பேண்டின் பித்தளைச் சாமான்கள் கிடந்தன. சித்தி அவற்றில் புளியும் மிளகாயும் போட்டு வைத்திருந்தாள். ஒரு திங்கட்கிழமை காலை ரயிலில் அவற்றை ஏற்றிக்கொண்டு வந்தேன். அந்த வண்டியில் தினமும் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறவர்கள் ஏறிய நிமிடம் சீட்டுக்கட்டைப் பிரிப்பார்கள். என் பெரிய டிரம்மைப் பார்த்ததும் அவர்கள் முகத்தில் வந்த பரவசத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. படுக்கவைத்து, மேலே துண்டை விரித்து, பங்காருப்பேட்டை தாண்டுவதற்குள் ஆட்டம் சூடுபிடித்துவிட்டது. டிக்கெட் பரிசோதகர் வந்து இந்த டிரம்முக்கு டிக்கெட் எங்கே என்று கேட்டார். ஆட்டத்திலிருந்த ஒருவர் தலை நிமிராமல், "அது சின்னப் புள்ள சார், அரை டிக்கெட்டுதான்" என்றார். பரிசோதகர் ஆட்டத்தை எட்டிப் பார்த்து, ஒருவருக்கு எந்தச் சீட்டை இறக்குவதென்று யோசனை சொல்லிவிட்டுப் போனார்.

அந்த டிரம்தான் பிற்பாடு எனக்கு வாய்த்தது. சுருதி தவறினாலும் யாருக்கும் தெரியாத வாத்தியம் அது ஒன்றுதான் என்பது ஸ்டெல்லாவின் தீர்ப்பு.

எருமை கன்று போட்டது

ரயில் நிலையத்திலிருந்து டிரம்மைத் தூக்கிவர ஏழுமலையைக் கூப்பிட்டேன். தூக்கி வந்தவன் கார்னெட்டை எடுத்து ஊதிப் பார்த்தான். எருமை கன்று போடும் சத்தம் வந்தது. தெருநாய்கள் ஓடிவந்து வாசலில் நின்றன. ஸ்டெல்லா விழுந்து விழுந்து சிரித்தாள். பையனுக்குக் காது சிவந்துவிட்டது.

"சிரிக்காதீங்கக்கா. நாளைக்கு ஊதிக் காட்டுறேன்."

"நாளைக்கா? ஒரு வருசம் ஆகும்டா."

கோபக்காரனை உசுப்பிவிட இதைவிட வேறு வார்த்தை தேவையில்லை. தினமும் வந்தான். கோபமெல்லாம் குழாய்க்குள் போயிற்று. சில மாதங்களில் எருமை பசுவாகி, பசு மனிதனாகி, அடுத்த கல்யாண சீசனுக்குள் அவன் வாசிப்பைக் கேட்டு ஜன்னல்கள் திறந்தன.

அவனைக் கட்டிப்போட்டது இசை என்று எழுத ஆசைதான். உண்மையில் அவனைக் கட்டிப்போட்டது ஒரு பஸ். முதல் கல்யாண ஊர்வலத்தில் சிவப்புக் கோட்டும் தங்க ஜரிகையும் போட்டுக்கொண்டு நடுரோட்டில் நடந்தோம். பின்னால் ஒரு டவுன் பஸ் வந்து, ஹாரன்கூட அடிக்காமல், மாப்பிள்ளை நகரும் வேகத்தில் ஊர்ந்தது. ஏழுமலை ஊதிக்கொண்டே திரும்பிப் பார்த்தான். ஒரு பஸ்ஸை நிறுத்த ஸ்டெப்னி சங்கருக்குச் சைக்கிள் செயினோடு நான்கு ஆள் வேண்டும். எங்களுக்கு வெட்கப்படுகிற ஒரு மாப்பிள்ளை போதும்.

ஸ்டெல்லா ஒரே ஒரு விதிதான் வைத்திருந்தாள். ஊதுகிறவனுக்கு உதடுதான் சொத்து. கிழிந்தால் அந்த சீசன் போச்சு. நிகழ்ச்சிக்குக் கிளம்பும் முன் எல்லோரும் வாசலில் வரிசையாக நிற்க வேண்டும். "உதட்டைக் காட்டு" என்பாள். தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பாள். வெடிப்பு இருந்தால் வெண்ணெய் தடவுவாள். அடிபட்ட உதட்டோடு வந்தவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவாள்.

குத்துச்சண்டை வீரன் கையைப் பார்த்துக்கொள்வது போல என் பையன்கள் வாயைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஈஜிபுராவில் கண்ணாடி முன்னால் நின்று உதட்டுக்கு வெண்ணெய் தடவிய முதல் முன்னாள் அடியாள் ஏழுமலையாகத்தான் இருக்கும்.

வாயைப் பொத்திக்கொண்டு

இதெல்லாம் சங்கரின் ஆள் லோகுவுக்குப் பிடிக்கவில்லை. ஏழுமலையின் பழைய கூட்டாளி. ஒரே சிமென்ட் டப்பாவில் வளர்ந்தவர்கள். ஒருநாள் டீக்கடை வாசலில் லோகு அவனை மறித்து, சாவு வீட்டு ஊதுகுழல் என்றான், லிப்ஸ்டிக் எங்கடா என்றான், கடைசியில் அவன் அம்மாவைப் பற்றியும் ஏதோ சொன்னான். சொல்லிவிட்டுக் கையை ஓங்கினான்.

ஏழுமலை ஓடினான். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கடைத்தெரு பார்த்துச் சிரிக்க, ஓடியே போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவன் பயிற்சிக்கு வரவில்லை. சரோஜா வந்தார், வேலை முடிந்த கையோடு, சேலையில் நூல் பிசிறோடு. பையன் லோகுவிடம் போய் தானும் ஆம்பளைதான் என்று சொல்லிவிட்டானாம். அடுத்த சைட்டுக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டானாம். இந்த முறை சும்மா நிற்கிற வேலை இல்லையாம்.

"இவங்க அப்பாவ பூமிக்குள்ள அனுப்பி வாரிக் குடுத்தேன் சார்" என்றார் சரோஜா. "இவனயாச்சும் மேல வெச்சுக்கலாம்னு பாக்குறேன்."

நான் ஒரு நீண்ட அறிவுரைக்காகத் தொண்டையைச் செருமினேன். ஸ்டெல்லா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு சரோஜாவோடு கிளம்பினாள். நானும் பின்னால் போனேன். ஏழுமலை அவன் வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியோரம் உட்கார்ந்திருந்தான்.

"ஓடிட்டேன்க்கா" என்றான். "எல்லாரும் பாத்தாங்க."

"நீ எங்கடா ஓடின? உன் உதடு ஓடிச்சு. நீ கூடப் போன, அவ்ளோதான்."

அவன் சிரிக்கவில்லை. வாக்குக் கொடுத்தது கொடுத்ததுதான் என்றான்.

மறுநாள் விடிந்ததும் ஸ்டெப்னி சங்கரின் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்.

கீரைக்காரம்மா

அந்த அம்மாள் எங்கள் தெருமுனையில் கீரை விற்பவர். மகன் எவ்வளவு சொல்லியும் கூடையை விடவில்லை. அவன் கொண்டுவரும் சோறு தனக்குச் செரிக்காது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வார். எங்கள் பயிற்சி நடக்கும்போது ஒரு குறிப்பிட்ட மெதுவான பாட்டு வரும்வரை கூடையைக் கட்ட மாட்டார். "டேய் ஏழு, அந்த அழுவாச்சிப் பாட்ட ஊதுடா, நான் கடைய மூடணும்" என்பார்.

பேண்ட் வேண்டும் என்று ஆள் வந்தபோது எனக்குக் காய்ச்சல் வருகிற மாதிரி இருந்தது. ஸ்டெல்லா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஜில்லுனு இருக்கு. செத்தது அவன் இல்ல, அந்த அம்மா. போங்க."

பெண்கள் சுடுகாட்டு ஊர்வலத்தில் போகும் வழக்கமில்லை என்பதால் அவள் வாசலோடு நின்றாள். பையன்கள் வரிசையில் நின்றார்கள். ஏழுமலை வருவானா என்று தெரியவில்லை. கடைசி நிமிடத்தில் வந்தான், கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டே. அவளைப் பார்க்காமல் தாடையை நீட்டினான். பார்த்தாள். கொஞ்சம் வெண்ணெய் தடவி அனுப்பினாள்.

ஊர்வலத்தில் சங்கரின் ஆட்கள் முன்னால் ஆடிக்கொண்டு போனார்கள். லோகு நல்ல போதையில் இருந்தான். தெருமுனையில், அந்த அம்மாளின் கீரைக் கூடை வழக்கமாக இருக்கும் இடத்தில், ஏழுமலை அந்த அழுவாச்சிப் பாட்டை ஆரம்பித்தான். லோகு ஆடுகிற மாதிரி பின்னால் வந்து, உள்ளங்கையால் கார்னெட்டின் அகன்ற முன்வாயில் ஒரு தள்ளு தள்ளினான்.

பித்தளைக்கும் பல்லுக்கும் நடுவில் உதடு. ரத்தம் எட்டிப் பார்த்தது.

ஏழுமலை கார்னெட்டை இறக்கினான். பிடித்த பிடி மாறியது. இப்போது அதைச் சுத்தியலைப் போல வைத்திருந்தான். லோகு சிரித்துக்கொண்டு மார்பை நீட்டி நின்றான். அவனுக்கு வேண்டியது அந்த ஒரே ஒரு அடிதான். அடித்தால் ஏழுமலை அவர்கள் ஆள். அல்லது எதிரி. இரண்டும் ஒரே தொழில்.

அப்போதுதான், ஆரம்பத்தில் சொன்னேனே, சங்கர் கொள்ளிச்சட்டியோடு வந்தான். தாடையைப் பிடித்தான். உதட்டைப் பார்த்தான். என் டிரம் டம் டம் என்றது.

"ஊத முடியுமா?" என்று கேட்டான்.

ஏழுமலை நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தான். உப்புப் பார்க்கிறவன் மாதிரி நிதானமாக.

"ரத்தம் நின்னா முடியும்ணே. ஆனா இவன அடிச்சா முடியாது. ரெண்டுல எது வேணும், நீங்களே சொல்லுங்க."

இதை ஸ்டெப்னி சங்கரிடம், நெருப்புச் சட்டியை வைத்துக்கொண்டு நிற்கும்போது, அதுவரை யாரும் கேட்டதில்லை. புகை அவன் கண்ணில் அடித்தது. அவன் கண் கலங்கியது புகையால்தான் என்று ஆட்கள் எல்லோரும் உடனே முடிவு செய்துகொண்டார்கள்.

"ஊது" என்றான். "இத கேக்காம அவ கூடையக் கட்ட மாட்டா."

பிறகு திரும்பாமலே சொன்னான். "லோகு, ஆச்சே ஹோகு. போய் அந்தாண்ட நில்லு. இந்த வாய் மேல எவன் கையும் படக் கூடாது. நாளைக்கு நான் போறப்பவும் இவன்தான் ஊதணும். டேய் ஏழு, சைட்டுக்கு வரேன்னியாமே. வராத. வந்தா நானே காலை ஒடைப்பேன்."

காலைத்தான் சொன்னான். வாயைச் சொல்லவில்லை. தொழில் தெரிந்தவன்.

நான்கு எட்டு நடந்தவன் நின்று என்னைப் பார்த்தான்.

"அருள் சார், அந்த டிரம்ம கொஞ்சம் நிறுத்துறீங்களா?"

சந்தாபுரா டெம்போ

குழுவில் இதைப் பற்றிக் கேட்டார்கள். தொடர்ந்த வழிகாட்டுதலின் பலன் என்றேன். ஒரு சால்வை போர்த்தினார்கள். ஸ்டெல்லா அதை இஸ்திரி போட விரிக்கிறாள்.

எல்லோரும் தப்பித்துவிடவில்லை. ஜிம் பையன்களில் இரண்டு பேர் உள்ளே போனார்கள். ஒருவன் திரும்பி வரவே இல்லை. அவன் தூக்கிய சிமென்ட் டப்பாவை எடைக்குப் போட எனக்கு மனம் வராமல், துளசித் தொட்டிக்கு முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறேன்.

வருடங்கள் ஓடின. பெங்களூர் கண்ணாடிக் கட்டடங்களாக முளைத்தது. ஏழுமலை கல்யாணம் செய்துகொண்டு ஊருக்கு வெளியே சந்தாபுராவுக்குப் போய்ச் சொந்தமாக ஒரு பேண்ட் வைத்தான். ஸ்டெப்னி சங்கரை எந்த அரிவாளும் ஒன்றும் செய்யவில்லை. சர்க்கரை செய்தது. முதலில் ஒரு விரல், பிறகு ஒரு கால், பிறகு ஆட்கள். சுற்றி நின்ற பையன்களில் பாதிப் பேர் கம்பெனி கார் ஓட்டப் போய்விட்டார்கள்.

அவன் போன சேதி கேட்டு ஏழுமலை டெம்போவில் வந்து இறங்கினான், முழு பேண்டோடு, சிவப்புக் கோட்டில். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. கேட்டதற்கு, அண்ணன் அப்பவே சொல்லி வெச்சதுதானே என்றான். டிரம் அடிப்பவன் அன்று வரவில்லையாம். என்னைப் பார்த்தான். பரணிலிருந்து என் டிரம் இறங்கியது.

கிளம்பும்போது ஸ்டெல்லா வாசலில் நின்றாள். அவன் இப்போது அவளைவிட ஒன்றரை மடங்கு உயரம், மீசை வேறு. குனிந்து தாடையை நீட்டினான். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பழைய வெட்டு ஒரு வெள்ளைக் கோடாக இருந்தது.

"நல்லாருக்கு, போ."

நானும் தாடையை நீட்டினேன்.

"உங்களுக்கு எதுக்குங்க உதடு? போங்க, நேரமாச்சு."

ஊர்வலத்தில் வந்தவர்களைவிட ஊதியவர்கள்தான் அதிகம். பூப்பல்லக்கைத் தூக்க ஆள் போதாமல் இரண்டு கிளாரினெட்காரர்கள் தோள் கொடுத்தார்கள். தெருமுனைக்கு வந்ததும் ஏழுமலை நின்றான். அந்த அம்மாளின் கூடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அங்கே நின்று அந்த அழுவாச்சிப் பாட்டைத் தனியாக, மெதுவாக, கடைசி வரை ஊதினான். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தது.

அதுவரை நான் டிரம்மை அடிக்கவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவும் இல்லை.